நாலு வயதுப் பையனுக்கு ஒரு பெட்டி மரச் சொப்பு

போன சீசனில் குற்றாலம் போயிருந்தபோது, அருவிக்குப் போகிற வழியில் ஒரு கடையில் என் மகனுக்கு அம்பாசமுத்திரம் மரச் சொப்பு, அதாவது விளையாட்டுச் சமையல் சாமான், வாங்கினேன். பனையோலைப் பெட்டிக்குள் 17 சாமான், 650 ரூபாய். ஒரு வருஷமாக அவன் கையில் அடிபட்டுக் கிடக்கிறது. அதனால் தைரியமாகச் சொல்கிறேன், நல்ல சாமான். வாங்கலாம்.

கடைக்காரர் முதலில் கேட்டது, "பாப்பாவுக்கு எத்தனை வயசும்மா?" பையன்தான், நாலு வயசு என்றேன். பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு ஒரு மர லாரியை எடுத்து முன்னால் வைத்தார். அன்பாகத்தான் வைத்தார். ஆனால் அதற்குள் பிள்ளை பெட்டிக்குள் கைவிட்டு அம்மிக் குழவியை எடுத்திருந்தான்.

எனக்கு அது சும்மா விடுகிற விஷயமாக இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அவன் பிறந்தநாளுக்கு ஆன்லைனில் ஒரு பிளாஸ்டிக் சமையல் செட் வரவழைத்தேன். அடுப்பு முதல் கரண்டி வரை எல்லாமே ரோஸ். அட்டைப்பெட்டியில் இரண்டு சிறுமிகள் சமைக்கிற படம். பிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு, "இது பொண்ணுங்க விளையாடுறதாம்மா?" என்று கேட்டான். அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, படம் தெரியுமே. அதற்கப்புறம் நான் எவ்வளவு சொல்லியும் அதைத் தொடவில்லை. தினமும் என் பக்கத்தில் நின்று பூண்டு உரிக்கிற பிள்ளை.

2012-இல் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி இதே காரணத்துக்காகத்தான் ஹாஸ்ப்ரோ நிறுவனத்துக்கு மனுப் போட்டாள். அவளுடைய தம்பிக்கு ஈஸி பேக் அவன் என்கிற பொம்மை அடுப்பு மேல் ஆசை. விளம்பரத்தில் வருவதெல்லாம் பெண் பிள்ளைகள், நிறமும் பெண் பிள்ளைகளுக்கென்றே கொடுத்த நிறம். பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட, அந்த டிசம்பரிலேயே கறுப்பும் வெள்ளி நிறமும் கலந்த அடுப்பு ஒன்றை நிறுவனம் அவளிடம் காட்டியது. அந்தத் தம்பிக்கும் அப்போது வயது நாலுதான்.

நம் சொப்பில் அந்தத் தொல்லையே கிடையாது. ஓலைப்பெட்டியில் யார் படமும் இல்லை. சாமான்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை. இந்த வேலைப்பாட்டில் கடைசல் எந்திரத்தில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள்; உரசுகிற சூட்டில் அரக்கு உருகி ஏறிக்கொள்ளும். ஆட்டுக்கல்லின் குழவியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் அளவுதான், ஆனால் குழிக்குள் வைத்துச் சுற்றினால் இடறாமல் சுற்றுகிறது. உரலுக்கு உலக்கை, திருகைக்குக் கைப்பிடி, இட்லிச் சட்டிக்கு மூடி என்று எதையும் விடவில்லை.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா தவசிப்பிள்ளை, கல்யாண வீட்டுச் சமையல்காரர். மறுவீட்டு விருந்துக்குச் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு வைக்க அவரைத் தேடி வருவார்கள். ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, கண்ணை மூடி நிற்பார். அவர் தலையாட்டிய பிறகுதான் அண்டா இறங்கும். அவரோடு போன பத்துப் பன்னிரண்டு பேரும் ஆண்கள்தான். கல்யாண வீட்டில் ஐநூறு பேருக்கு ஆண்கள் சமைப்பதைப் பார்த்து வளர்ந்த ஊரில், பையன் கையில் சொப்பைக் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்? அதே மாதிரி, லாரி கேட்கிற பெண் பிள்ளைக்கு லாரியை எடுத்துக் கொடுங்கள்.

குறைகளும் உண்டு. பானையைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டான். மரம் உப்பி மூடி இறுகிக்கொண்டது, இரண்டு நாள் நிழலில் காய்ந்த பிறகுதான் வந்தது. வெந்நீரில் கழுவாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். முறத்தின் ஓரத்தில் சிலாம்பு இருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கரண்டியும் தம்ளரும் மிகச் சிறியவை, மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றாலும், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கு விலக்கு உண்டு. எங்கள் பெட்டியிலும் முத்திரை இல்லை. அதனால் ஒவ்வொரு சாமானையும் கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் முதலில் மறுத்தது என் அத்தைதான். "பொம்பளப் பிள்ளை சாமானை ஏன் இவன் கையில குடுக்க?" என்றார்கள். நான் வாதாடவில்லை. நேற்று சாயங்காலம் திண்ணையில் அடுப்பை வைத்து, புளியங்கொட்டையும் முருங்கை இலையும் போட்டுச் சொதி வைத்தான். தம்ளரில் கொண்டுபோய், "ஆச்சி, உப்பு பாருங்க" என்று நீட்டினான். அத்தை வாங்கி, உள்ளங்கையில் கவிழ்த்து, நாக்கில் வைப்பதுபோல் வைத்துப் பார்த்தார்கள்.

"உப்பு கம்மியா இருக்குலே."

உப்புப் போடத் திரும்ப அடுப்புக்கு ஓடினான்.