கேஸ் மெக்கானிக் ஆக மூன்று வழிகள்: சேலத்துப் பிள்ளைகளுக்கு எது பொருந்தும்?

சேலத்தில் வீட்டுக் கேஸ் வேலை பழக இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்குக்கு உதவியாகச் சேர்ந்துவிடலாம். ஐடிஐயில் ஃபிட்டரோ ப்ளம்பரோ படிக்கலாம். மூன்றாவது கொஞ்சம் புதிது: வீட்டுக்கு வீடு குழாய் இழுத்து இயற்கை எரிவாயு கொடுக்கிற வேலையில் ஒரு ஒப்பந்ததாரரிடம் சேர்வது. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பையனை எதில் சேர்க்கலாம் என்று விசாரிக்கிறவர்கள் முதலில் சம்பளத்தைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு. பையன் கசிவு பார்த்து "சரி" என்று சொன்ன இடத்தை இன்னொருவர் வந்து திரும்பப் பார்ப்பாரா? மூன்று வழிகளையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போடப்போகிறேன்.

காரணம் இருக்கிறது. கரண்ட் வேலைக்கு வயர்மேன் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. வீட்டு ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டுகிறவரிடம் அரசு கொடுத்த தனி அட்டை எதையும் நாம் கேட்பதில்லை. இங்கிலாந்தில் 'கேஸ் சேஃப்' என்று ஒரு பதிவேடு இருக்கிறது. முன்பு 'கோர்ஜி' என்ற அமைப்பு செய்துவந்த வேலையை 2009 ஏப்ரலிலிருந்து இது செய்கிறது. அதில் பெயர் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு ஒருவர் வீட்டில் கேஸ் வேலை செய்வது அங்கே குற்றம். புதிதாக வருகிறவர் பதிவு பெற்ற ஒருவரோடு வீடு வீடாகப் போய் வேலை செய்து, அதற்கான ஆதாரங்களைச் சேர்த்து, 'ஏசிஎஸ்' என்ற தேர்வில் தேற வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். அடுப்பு மட்டுமா, பாய்லரும் சேர்த்தா, எதைத் தொட அவருக்குத் தகுதி என்பது அடையாள அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். நமக்கு அந்த ஏற்பாடு இல்லை. அதனால் பையன் எங்கே, யாரிடம் பழகினான் என்பதை வைத்துத்தான் அவனை நம்ப வேண்டியிருக்கிறது. 2021 நவம்பரில் கருங்கல்பட்டியில் சிலிண்டர் வெடித்து வீடுகள் இடிந்து உயிர்கள் போனதைப் பார்த்த ஊர் இது. இந்த வேலையை "அடுப்பு ரிப்பேர்தானே" என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

ஏஜென்சி வழியை முதலில் பார்ப்போம். ஐந்து ரோடு, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று எந்தப் பக்கம் இருந்தாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு ஏஜென்சி இருக்கும். சேர்ந்த அன்றே கையில் ஸ்பேனர் வந்துவிடும் என்பது இதன் பெரிய பலம். நல்ல மெக்கானிக் ஒருவரோடு நாலு வீடு ஏறினாலே எவ்வளவோ தெரிந்துவிடும். சிலிண்டர் மூடியைத் திறந்ததும் வால்வு வாய்க்குள் விரலளவு கூட இல்லாத ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று அவர் டார்ச் அடித்துப் பார்ப்பார். அப்புறம் ஆரஞ்சு நிற டியூப். அதன் மேலேயே தேதி அச்சாகியிருக்கும், ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மாற்ற வேண்டும். எலி கடிக்கும் என்று சில வீடுகளில் டியூபுக்குத் துணியில் உறை தைத்துப் போட்டிருப்பார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே விரிசல் விட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த அம்மா மனம் கோணாமல் உறையைக் கழற்ற வைப்பதையும் பையன் அங்கேதான் கற்றுக்கொள்கிறான்.

பிறகு சோப்புத் தண்ணீர். வால்வு, ரெகுலேட்டர் மூட்டு, டியூபின் இரண்டு முனைகள், அடுப்பின் நாப் என்று வரிசையாகத் தடவிப் பார்க்க வேண்டும். புதிதாக வந்த பையன் நுரையைப் பார்த்ததும் "கசியுதுண்ணா" என்பான். தடவும்போது வந்த நுரை அப்படியே உட்கார்ந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கசிவில் வருகிற குமிழி அதே இடத்தில் வளர்ந்து, உடைந்து, மறுபடியும் வளரும். இதை யாராவது ஒரு முறை விரலால் காட்டிக்கொடுத்தால் போதும், ஆயுசுக்கும் மறக்காது.

சரி, குறை எங்கே? எல்லாமே அந்த ஒரு மெக்கானிக்கைப் பொறுத்தது. வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி அழுத்தம் பார்க்கும் மானோமீட்டர் அவர் பையில் இருக்கிறதா? வீட்டு ரெகுலேட்டர் 30 மில்லிபார் அழுத்தம் கொடுக்க வேண்டும். அதாவது குழாயின் இரு பக்கத்துத் தண்ணீருக்கும் ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் உயர வித்தியாசம் தெரிய வேண்டும். தீ மஞ்சளாக எரிகிறது, அழுத்தம் சரியாக இருக்கிறது என்றால் கோளாறு ஜெட்டிலோ (பர்னருக்குக் கேஸ் விடும் சின்னத் துளை உள்ள பித்தளைத் துண்டு) காற்று வரும் வழியிலோ இருக்கும். இதை அளக்காமல் வேலை பார்க்கிறவர் எதற்கெடுத்தாலும் ரெகுலேட்டரை மாற்றச் சொல்வார், பையனும் அதையே பழகிக்கொள்வான். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்ற அவசரமும் உண்டு. கொஞ்சம் கை பழகியதும் தனியாக அனுப்பிவிடுவார்கள். அன்றிலிருந்து அவன் செய்ததைத் திரும்பப் பார்க்க ஆள் கிடையாது. வேறு ஊருக்குப் போனால் காட்ட ஒரு தாளும் இருக்காது.

ஐடிஐ இதற்கு நேர் எதிர். கோரிமேட்டில் ஏற்காடு சாலையில் அரசு ஐடிஐ இருக்கிறது, பெண்களுக்கென்று தனி அரசு ஐடிஐயும் சேலத்தில் உண்டு. ஃபிட்டர் இரண்டு வருடம், ப்ளம்பர், வெல்டர் ஒரு வருடம். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் தனி. பாடத்தில் கேஸ் அடுப்பு என்று பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் குழாயை நேராக வெட்டுவது, மரை போடுவது, வரைபடம் படிப்பது, அளவு தப்பினால் ராவித் திருத்துவது எல்லாம் கைக்கு வந்துவிடும். பையன் செய்த ஒவ்வொரு துண்டையும் ஆசிரியர் அளந்து பார்த்து மதிப்பெண் போடுவார். என் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்கிற முதல் இடம் இது. வளைகுடாவுக்குப் பைப் ஃபிட்டராகப் போக நினைக்கிறவருக்கும் அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும்.

மூன்றாவது வழிக்கு வருவோம். சேலம் மாவட்டத்தில் குழாய் எரிவாயு கொடுக்கும் உரிமை 2018இல் நடந்த ஒன்பதாவது சுற்று ஏலத்தில் இந்தியன் ஆயிலுக்குக் கிடைத்தது. இப்படிப்பட்ட திட்டங்களில் தெருவில் குழாய் பதிப்பதும் வீட்டுக்குள் இணைப்புக் கொடுப்பதும் ஒப்பந்ததாரர்களின் ஆட்கள்தான். வேலையே வேறு மாதிரி. தெருவில் போடுவது பிளாஸ்டிக் குழாய். இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது பசை எதுவும் கிடையாது, மின்சாரச் சூட்டில் உருக்கி ஒட்டுவார்கள். அதற்கு முன் குழாயின் மேல்தோலை மெல்லிசாகச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டிய இடத்தில் விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும், மறுபடியும் துடைக்க வேண்டும். ஒட்டிய பிறகு ஆறும்வரை கிளாம்பைக் கழற்றக் கூடாது. இந்தப் பொறுமை இல்லாத பையனுக்கு இந்த வேலை சரிப்படாது.

வீட்டுக்குள்ளும் பழைய பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். சிலிண்டர் கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். குழாயில் வரும் கேஸ் காற்றை விட லேசானது, மேலே ஏறிக் கூரையடியில் சேரும். ஏஜென்சியில் பழகியவர் குனிந்து தேடுவார், இங்கே நிமிர்ந்து தேட வேண்டும். அழுத்தமும் 30 இல்லை, 21 மில்லிபார். அதே அடுப்பை இதற்கு மாற்றும்போது பெரிய துளை உள்ள ஜெட் போட்டாக வேண்டும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது பரிசோதனைதான். குழாயில் காற்றை ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேஸ் விடுவார்கள். ஒப்பந்ததாரருக்கு வெளியே இருந்தும் ஆய்வாளர் வந்து பார்ப்பார். பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். அடியில் இருக்கும் துணை ஒப்பந்ததாரரிடம் மாட்டினால் பையன் ஒரு வருடம் குழி வெட்டிக்கொண்டே இருப்பான், ஒட்டுகிற மெஷினைத் தொடவே விடமாட்டார்கள். ஒரு பகுதி முடிந்தால் வேலை வேறு மாவட்டத்துக்கு நகர்ந்துவிடும். வெறும் பத்தாவதோடு போகிறவனைக் குழிக்கும் ஐடிஐ முடித்தவனை மெஷினுக்கும் அனுப்புவது இந்த வேலையில் சகஜம்.

குறுகிய காலப் பயிற்சி என்று நான்காவதாக ஒன்றையும் சொல்வார்கள். ஹைட்ரோகார்பன் துறைக்கான திறன் குழுமம் நகர எரிவாயு பைப் ஃபிட்டருக்கென்றே பாடத்திட்டம் வைத்திருக்கிறது. எண்ணெய் நிறுவனங்களின் திறன் மேம்பாட்டு நிலையங்களில் நமக்குப் பக்கம் கொச்சியில் இருப்பது, சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் பகலிலேயே போய்விடலாம். ஐடிஐக்குப் பிறகு இது நல்ல கூடுதல் தகுதி, ஐடிஐக்குப் பதிலாக வேண்டாம். 'ஃபயர் அண்ட் சேஃப்டி' டிப்ளமோவை இதோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அது வேறு தொழில். அதைப் படித்தால் ஜெட் மாற்றத் தெரியாது.

ஏற்காட்டுப் பையன்களுக்குக் கணக்கே வேறு. குழாய் வேலை கீழே சமவெளியில் நடப்பது; மலையில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற சிலிண்டர்தான் எல்லாம். ஆனால் அங்கே விடுதிகள் இருக்கின்றன. 19 கிலோ சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தி ஒரே குழாயில் சேர்த்துச் சமையலறைக்குக் கொண்டுபோகிற வேலைக்கு ஆள் தேவை. ஐந்து சிலிண்டர் 95 கிலோ. ஆறாவதை வைத்தால் 100 கிலோவைத் தாண்டிவிடும், உரிமம் வாங்க வேண்டும். விடுதிக்காரருக்கு இதை எடுத்துச் சொல்லத் தெரிந்த மெக்கானிக்குக்கு மதிப்பு தனி. குளிர் ஊர் என்பதால் கேஸ் கீசரும் நிறைய. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் மாட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது. எரிந்த புகை எப்படி வெளியே போகிறது என்று பார்ப்பது இங்கிலாந்துப் பயிற்சியில் பெரிய பாடம். ஏஜென்சி வழியில் அதை யாரும் சொல்லித்தருவதில்லை. மலையில் வேலை பார்க்கப் போகிறவர் தானாகவே தேடிக் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் அது.

ஆக, பதினேழு பதினெட்டு வயதுக்கு என் ஓட்டு ஐடிஐக்கும், அதை முடித்த பிறகு குழாய் எரிவாயுப் பணியில் அப்ரண்டிஸுக்கும். பெண்களுக்கும் இதையே சொல்வேன். சமையலறைக்குள் வந்து செய்கிற வேலைக்குப் பெண் மெக்கானிக்கை விரும்புகிற வீடுகள் நிறைய. குடும்பப் பொறுப்போடு இருபத்தைந்தைத் தாண்டியவர் இரண்டு வருடம் காத்திருக்க முடியாது. அவருக்கு ஏஜென்சிதான், ஆனால் மெக்கானிக்கைப் பார்த்துச் சேர வேண்டும். ஏற்காட்டுக்காரர் ஏஜென்சியில் தொடங்கி விடுதி வேலைக்கு நகர்ந்துகொள்ளலாம்.

எந்த ஒப்பந்ததாரரிடமோ ஏஜென்சியிலோ சேரும் முன்பும் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். மானோமீட்டர் இருக்கிறதா? முதல் ஆறு மாதம் யாருடன் அனுப்புவீர்கள்? பிஎஃப், இஎஸ்ஐ உண்டா? மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதிலைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.