ரங்கூன்ல பழைய போட்டோ சரி பண்ற கடை – தாத்தா ஆல்பம் போட்ட கதை

பான்சோடான் தெருவுல பழைய புத்தகம் விக்கிறாங்கல்ல, அதுக்குப் பக்கத்துச் சந்துல மாடியில இருக்கு இந்தக் கடை. கிழிஞ்சது செல்லரிச்சதுன்னு எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஸ்கேன் பண்ணி சரி பண்ணி ஆல்பமாவே போட்டுத் தர்றாங்க. குறையும் சொல்லப்போறேன், அதனால பேர் போடல. கிழிசல் சேர்க்குறதுல ஆளுங்க கில்லாடி, ஆனா கலர் அடிக்கிறேன் அழகுபடுத்துறேன்னு ஆரம்பிச்சா நம்ம ஆளை நமக்கே அடையாளம் தெரியாது.

முதல் படம் 1944-ல எடுத்தது, நேதாஜி தலைமையகத்தை ரங்கூனுக்கு மாத்தின வருஷம். அவரோட இந்திய தேசிய ராணுவம், அதான் ஐ.என்.ஏ., அந்த உடுப்புல நாலு பேரு, ஓரத்துல தாத்தா. வெள்ளைக்காரன் திரும்பி வந்தப்போ தாத்தாவோட அம்மா பயந்துபோய் அதை நாலா மடிச்சு அரிசிப் பானைக்குள்ள சொருகி வெச்சிருக்காங்க, மடிப்பு சரியா கழுத்துல விழுந்து அங்கேயே கிழிஞ்சுபோச்சு. அந்தக் கிழிசல் இப்ப லென்ஸ் வெச்சுப் பார்த்தாலும் தெரியல, உண்மையிலேயே பிரமாதம். ஆனா காக்கி உடுப்பை இப்ப இருக்கிற ஆர்மி கணக்கா பச்சையா அடிச்சு வெச்சிருக்கான், கேட்டா கம்ப்யூட்டரே அப்படித்தான் போடுது அக்கோன்றான்!

தாத்தா இம்பால் சண்டைக்குப் போகல, ரங்கூன்லயே டூட்டி போட்டுட்டாங்க. அப்போ சண்டையே போடலயான்னு கேக்குறவங்க இருக்காங்க, எனக்கு அதுல கடுப்பு உண்டு, ஏன்னா 1945 ஏப்ரல் 24 நேதாஜி கிளம்பிட்டாரு, ஜப்பான்காரனும் ஊரை விட்டு ஓடிட்டான், பிரிட்டிஷ் படை உள்ள வந்தது மே மாசம் பொறந்துதான், நடுவுல அந்த நாலஞ்சு நாள் ஊர் கொள்ளை போகாம காவல் நின்னது ஐ.என்.ஏ. ஜெனரல் லோகநாதன் கீழ இருந்த சுமார் 6,000 பேரு. அதுல இவரும் ஒருத்தர். அப்புறம் சரணடைஞ்சு கொஞ்சநாள் கேம்ப்ல கிடந்துட்டு வந்தாரு.

ரெண்டாவது படம் முகல் தெரு மளிகைக்கடை. தராசு, சாக்கு, மேல போர்டு. போர்டு எழுத்து அழிஞ்சிருந்துச்சு, மெஷின் பாட்டுக்கு எந்த பாஷையும் இல்லாத கிறுக்கலைப் போட்டு நிரப்பிருச்சு, கையால சரி பண்ணச் சொன்னேன், கடை முதலாளியே உக்காந்து பண்ணிக் கொடுத்தாரு. அந்தக் கடையை 1964-ல நேஷனலைஸ் பண்ணி தராசோட எடுத்துக்கிட்டாங்க, அதே வருஷம் மே மாசம் 50, 100 கியாட் நோட்டும் செல்லாதுன்னுட்டாங்க. சொந்தக்காரங்க கப்பலேறி மெட்ராஸ் போனாங்க, தாத்தா எஃப்.ஆர்.சி.ன்ற வெளிநாட்டுக்காரர் பதிவு அட்டையை வெச்சுக்கிட்டு இங்கேயே இருந்துட்டாரு.

மூணாவது கலர் படம், பயின்னாங் மார்க்கெட்ல எடுத்தது. 1988-க்கு அப்புறம் தனியார் வியாபாரத்தைத் திறந்துவிட்டதும் அறுபது தாண்டின மனுஷன் உளுந்து புரோக்கரா இறங்கிட்டாரு, நம்ம ஊரு உளுந்துதானே அங்க தமிழ்நாட்டு இட்லிக்கே போகுது. குத்தூசியால சாக்கைக் குத்தி நாலு மணி எடுத்து ஒண்ணைக் கடிப்பாரு, கடிச்ச சத்தத்துலயே ஈரம் எவ்வளவுன்னு சொல்லிருவாரு. படத்துல அவர் கடிச்சுக்கிட்டு இருக்காரு, கன்னம் ஒருபக்கம் கோணியிருக்கும். செவந்துபோன கலரை அருமையா மீட்டுட்டானுங்க, ஆனா கோணின வாயை நேராக்கி சிரிக்க வெச்சுட்டானுங்க, தாத்தா கேமராவைப் பார்த்து சிரிச்சதா சரித்திரமே கிடையாது. திருப்பிக் கொடுத்தேன், காசு கேக்காம மாத்திக் கொடுத்தாங்க, அதைச் சொல்லணும்.

படத்துக்கு 20,000 கியாட், ஆல்பம் பைண்டிங் தனி. கரண்ட் போனா வேலை நின்னுரும், அதனால சொன்ன தேதிக்குக் கிடைக்கும்னு நம்பாதீங்க. கிழிசல் மட்டும் சேர்த்த காப்பி ஒண்ணு, கலர் காப்பி ஒண்ணுன்னு ரெண்டா கேளுங்க, மூஞ்சில கை வைக்காதேன்னு முதல்லயே சொல்லிருங்க. படத்துக்குக் கீழ தமிழ்ல எழுத்து வேணும்னா வீட்லயே டைப் பண்ணி படமா கொண்டு போங்க, அங்க அடிச்சா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமா பிரிஞ்சு நிக்குது.