ஒன்பது அங்குலச் சுவர்: சாதாரணக் கட்டா, எலிப்பொறிக் கட்டா?

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு கட்ட வருகிறவர்கள் இன்ஜினியரான என்னிடம் அடிக்கடி கேட்பது இது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் அதன் நீள விளிம்பில் நிறுத்துவோம். நடுவே வெற்றிடம் விழும்.

செலவு:
சாதாரணக் கட்டு – செங்கல், கலவை இரண்டும் அதிகம்.
எலிப்பொறி – செங்கல் சுமார் 25 சதவீதம் மிச்சம். சூளைக்குப் போகும் வயல்மண்ணும் விறகும் அந்த அளவுக்குக் குறையும். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

வெயில்:
சாதாரணம் – பங்குனி, சித்திரையில் சுவர் இரவிலும் கொதிக்கும்.
எலிப்பொறி – உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும்.

உறுதி:
இரண்டு மாடி வரை இரண்டுமே தாங்கும். எலிப்பொறியில் அடிவரிசை, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் உத்தரம்) மட்டம் எல்லாம் நடுவே வெற்றிடம் இல்லாமல் கெட்டியாக இருக்க வேண்டும்.

வேலை:
சாதாரணம் – எந்தக் கொத்தனாரும் கட்டுவார்.
எலிப்பொறி – பழகிய கை வேண்டும். வயர், பைப் போகும் வழியை முன்பே வரைந்துவிட வேண்டும். அப்புறம் சுவரைக் கொத்தக் கூடாது.

அவசர வேலை, பழகாத கொத்தனார் என்றால் சாதாரணக் கட்டே சரி. காலம் இருந்து, இன்ஜினியர் தினமும் வந்து பார்ப்பார் என்றால் எலிப்பொறியைத் தயங்காமல் எடுங்கள்.