மிட்டாய் இயந்திரங்களுக்குச் சேலம் நகரமா, ஏற்காடா?

நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் ஒரு பபிள்கம் உருண்டை விழும் இயந்திரங்கள் என்னிடம் பதினைந்து உள்ளன. பதினொன்றைச் சேலம் நகரத்திலும் நான்கை ஏற்காட்டிலும் வைத்து ஓராண்டு நடத்திப் பார்த்துவிட்டு, மலையில் இருந்தவற்றைக் கீழே இறக்கிவிட்டேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பது வெளிப்படை.

ஏற்காட்டின் கவர்ச்சியை விளக்க வேண்டியதில்லை. ஏரிக்கும் பகோடா பாயிண்டுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்கள் செலவு செய்யவே வருகிறார்கள். மே மாதக் கோடை விழா நாள்களில் அங்கே ஓர் இயந்திரம் வாரத்துக்கு 1,400 ரூபாய் ஈட்டியது. மற்ற நாள்களில் 350. நகரத்தில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 400. உணவுப் பாதுகாப்புப் பதிவும், இயந்திரம் வைக்க இடம் கொடுக்கும் கடைக்காரருக்குத் தரும் ஐந்தில் ஒரு பங்கும் இரண்டு இடங்களுக்கும் பொது.

இயந்திரம் ஈட்டுவதைவிட, அதைத் திறக்கப் போய்வரும் ஒரு நடையில் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதே இத்தொழிலின் கணக்கு. அஸ்தம்பட்டியில் கிளம்பி நாலு ரோடு, அஞ்சு ரோடு, புதிய பேருந்து நிலையம், செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை என்று சுற்றினால் பதினொன்றையும் அரை நாளில் நிரப்பிவிடலாம். வசூலாகும் 4,400 ரூபாயில் கடைக்காரர் பங்கு 880, ஐந்து ரூபாய் உருண்டைக்கு இரண்டு ரூபாய் வீதம் சரக்கு 1,760, பெட்ரோல் 50 போக 1,710 ரூபாய் நிற்கும். அதே அரை நாளில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறினால் நான்கு இயந்திரங்களுக்கு 1,400 ரூபாய் வசூல். அதே கழிவுகளோடு பெட்ரோலுக்கு 220 போனால் மிச்சம் 340. மே மாதத்தில் வாரம் இரு நடை தேவைப்பட்டதால், உச்ச வசூலிலும் கழிவுகள் போக மிஞ்சிய 1,800 ரூபாய்க்கு இரண்டு அரை நாள்களைக் கொடுத்தேன்.

பழுது வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஐந்து ரூபாய் நாணயத்தில் பழைய கனத்த வெள்ளைக் காசும் மெல்லிய பொன்னிறக் காசும் புழங்குவதால், மெல்லியதற்கு அளவு வைத்த துளையில் கனத்ததை யாராவது அழுத்திவிட்டால் கைப்பிடி அசையாது. ஒரு சனிக்கிழமை காலை, பகோடா பாயிண்டில் கடை வைத்திருக்கும் அம்மா, "காசு மாட்டிக்கிச்சுங்க தம்பி, பிள்ளைங்க வந்து தட்டிட்டே இருக்குது" என்று அழைத்தார். செவ்வாய்க்கிழமைதான் போக முடிந்தது. திருப்புளியால் நெம்பி அந்தக் காசை எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் வார இறுதி வியாபாரம் முழுவதும் போயிருந்தது. நகரத்தில் என்றால் தேநீர் குடிக்கப் போகும் வழியில் அதைச் சரிசெய்திருப்பேன்.

மலைப் பனியில் உருண்டைகளின் சர்க்கரை ஓடு வியர்த்து, ஈரம் ஏறிய ஜவ்வரிசிபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சக்கரத்தில் விழ மறுக்கும். கண்ணாடியின் உட்புறம் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் இறங்கியிருக்கும். குரங்குகளின் ஆராய்ச்சி தனிக்கதை. சேலத்தின் சித்திரை வெயிலை ஓடுள்ள உருண்டை தாங்கிவிடுகிறது. சாக்லேட் உருண்டைகளைத்தான் நகரத்தில் வைக்கக் கூடாது, ஒரே வாரத்தில் கட்டியாகிவிட்டன. மலைக் குளிரில் சாக்லேட் நிற்கும் என்று தோன்றுகிறது, ஆனால் அதை நான் வைத்துப் பார்க்கவில்லை.

எல்லோரும் கைப்பேசியில் பணம் செலுத்தும் காலத்தில் சில்லறை புழங்கும் கடையின் அருகிலேயே இயந்திரம் இருக்க வேண்டும். பேருந்து நிலையத் தேநீர்க் கடைக்காரர் என் வசூல் காசை எண்ணி வாங்கிக்கொண்டு நோட்டாகத் தருகிறார். மறுநாள் அதே காசு இயந்திரத்துக்குத் திரும்புகிறது.

ஏற்காட்டிலேயே குடியிருப்பவருக்கு என் பெட்ரோல் கணக்கும் செவ்வாய்க்கிழமைக் கணக்கும் பொருந்தா. அப்படி ஒருவர் முன்வந்தால், நான்கு இயந்திரங்களையும் பாதிப் பங்குக்கு அவரிடம் ஒப்படைக்க நான் தயார்.