சோழவந்தான் தோப்புல தாமஸ் ஹார்டி வீக்எண்ட்: கண்டிப்பா போகலாம்

இங்கிலாந்து நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியை காலேஜ்ல பரீட்சைக்குப் படிச்சு அதோட மூடி வச்சவங்க மதுரைல எவ்வளவோ பேர் இருக்காங்க, அவங்கள்லாம் ஒரு தடவையாவது அவரோட நாவல்களை வாசிக்கிற இந்த கேம்ப்புக்குப் போகணும். சோழவந்தான் தாண்டி வாய்க்கால் ஓரமா ஒரு தென்னந்தோப்பு வீடு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினா ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாட்டோட முடியுது, தங்குறது சாப்பாடு எல்லாம் சேர்த்து 3,800 ரூபா, அதுக்கு மேல எதுக்கும் காசு கேக்கல.

நடத்துறவங்க ரிட்டயர்டான இங்கிலீஷ் வாத்தியார் ரெண்டு பேரு. ஒரு பக்கத்தை இங்கிலீஷ்ல வாசிச்சுட்டு உடனே அதையே பேச்சுத் தமிழ்ல சொல்லிடுறாங்க, அதனால இங்கிலீஷ் அவ்வளவா வராதவங்களும் தைரியமா போய் உக்காரலாம்.

சனிக்கிழமை காலைல ‘ஃபார் ஃப்ரம் தி மேடிங் க்ரவுட்’. 1874ல மாசாமாசம் பத்திரிகைல தொடரா வந்த கதை இது. அதுல ஆடு வளர்க்குற கேப்ரியல் ஓக்கோட சின்ன நாய் ராத்திரில ஆடுகளை விரட்டிக்கிட்டே போய் பள்ளத்துல தள்ளி விட்டுரும், 200 சினை ஆடு போயிரும், இன்சூரன்சும் கிடையாது, ஆடு வாங்கின கடனும் அடையல. இந்த இடத்துல வாசிப்பை நிறுத்திட்டு ‘ஓக் மொதல்ல என்ன நினைச்சிருப்பான்?’னு சார் கேட்டாரு. கடன், வட்டி, இனி பொழப்பு என்னன்னு ஆளாளுக்கு சொன்னோம். திருமங்கலம் பக்கத்துல இருந்து வந்திருந்த ஒரு அண்ணன், வீட்டுல கிடை போட்டவங்க, ‘எங்கய்யா மொதல்ல கணக்குப் பாக்க மாட்டாரு சார், வயித்துல குட்டியோட போச்சேன்னுதான் சொல்லுவாரு’ன்னாரு. அடுத்த பத்தியை வாசிச்சா ஹார்டி எழுதி வச்சிருக்கது அதேதான், செத்த ஆடுகளையும் பிறக்காத குட்டிகளையும் நினைச்சுத்தான் ஓக் மொதல்ல பரிதவிக்கிறான், காசு நினைப்பு பொறவுதான் வருது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. இந்த ஒரு மணி நேரத்துக்கே நான் குடுத்த காசு சரியாப் போச்சு.

சாயங்காலம் ‘மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்’. சந்தைக் கூடாரத்துல கஞ்சில ரம்மை ஊத்திக் குடிச்சுட்டு கதாநாயகன் ஹென்சார்டு தன் பொண்டாட்டியை அஞ்சு கினிக்கு (அந்தக் கால இங்கிலீஷ் காசு) வித்துருவான்ல, அந்தக் கஞ்சியையே ரம் இல்லாம வச்சுக் குடுத்தாங்க, சம்பா கோதுமையைப் பால்ல வேகவச்சு திராட்சை போட்டு, அவ்வளவு ருசி. விடிஞ்சதும் அந்த 21 வயசுப் பய சர்ச்சுக்குப் போய் இன்னும் 21 வருஷத்துக்குக் குடியைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்றான். குடியை விடணும்னு கோயில்ல கயிறு கட்டுறவங்களப் பாத்து வளர்ந்த ஊரு நம்மது, அதனால இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கல, கயிறு அறுந்தா அந்த வீட்டுல என்ன நடக்கும்னு வந்திருந்த பொம்பளைங்க பேச ஆரம்பிச்சு ராத்திரிச் சாப்பாடே லேட்டாயிருச்சு.

ஞாயித்துக்கிழமை ‘டெஸ்’. கதிரடிக்கிற நீராவி மெஷின் ஓட ஓட, அந்த நாவலோட நாயகி டெஸ் மெஷின் மேல நின்னு கதிர்க் கட்டைப் பிரிச்சுக் குடுத்துக்கிட்டே இருக்க பகுதியை வாசிச்சாங்க, நல்லா இருந்துச்சு.

குறைன்னா ஒண்ணு ரொம்ப வருத்தம். 1895ல ‘ஜூட்’ நாவல் வந்து, விமர்சகருங்க அவரைத் திட்டித் தீர்த்த பொறவு ஹார்டி புதுசா நாவலே எழுதல, 1928ல சாகுற வரைக்கும் கவிதைதான். கடைசிக் காலத்துல ஒட்டாமலே வாழ்ந்த மனைவி எம்மா 1912ல இறந்த பொறவு அவங்கள நினைச்சு எழுதினதுதான் என்னைக் கேட்டா அவரோட ஆகச் சிறந்த எழுத்து. அதைப் போய் சாப்பாட்டுக்கு முன்னாடி அவசர அவசரமா முடிச்சுட்டாங்க, பந்திக்கு இலை போடுற சத்தத்துல பாதி காதுலயே விழல. சனிக்கிழமை ராத்திரியை கவிதைக்குன்னு முழுசா ஒதுக்குங்கன்னு ஃபீட்பேக்ல எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன், போறவங்க நீங்களும் கேளுங்க.

மாடி ரூம் வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ராத்திரி பத்து மணிக்கும் சூடு இறங்கல. புக் பண்ணும்போதே கீழ் ரூம் கேட்டு வாங்கிருங்க. வாய்க்கால் பக்கங்கறதால கொசு ஜாஸ்தி, ஓடோமாஸ் எடுத்துக்கங்க. நாவல் எதையும் முன்னாடியே படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல, ஆனா ‘மேயர்’ மட்டும் படிச்சுட்டுப் போனா பேச்சுல நல்லா கலந்துக்கலாம்.