துவார்னெனே: மத்தி மீன் ஆலைகளின் ஊர்

பிரான்சில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் கிருஷ்ணகிரிக் குடும்பத்தினர், பாரிசைச் சுற்றிய பிறகு இரண்டு நாள் மிச்சமிருந்தால், பிரிட்டனிக் கடற்கரையின் மேற்குக் கோடியிலுள்ள துவார்னெனே என்ற பழைய மீன்பிடி ஊருக்கு அவசியம் போய்வர வேண்டும். மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு நடுவே வளர்ந்த நமக்கு அந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இங்கே மத்தி மீனை எண்ணெயில் பொரித்துத் தகர டப்பாவில் அடைக்கும் ஆலைகள் பெருகின. ஆண்கள் கடலுக்குப் போக, பெண்கள் ஆலையில் மீனைத் தலைநீக்கி, உப்புநீரில் இட்டு, உலர்த்திப் பொரித்து, ஒவ்வொன்றாகக் கையால் அடுக்கினார்கள். படகு கரைசேரும் நேரமே அவர்களுக்கு வேலைநேரம். மீன் கெடுவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் விடியவிடிய நின்றார்கள். பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசைகட்டும் மாதங்களில் நம் ஊர்ப் பெண்களும் இப்படித்தானே நிற்கிறார்கள்! மணிக்கு 80 சாந்தீம், அதாவது ஒரு பிராங்கிலும் குறைவான கூலியை எதிர்த்து 1924 நவம்பரில் அவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்து, 1925 சனவரியில் ஒரு பிராங்கு கூலியோடு வெற்றியில் முடிந்தது. அவர்களில் ஒருவரான ஜோசபின் பென்கலே அதே ஆண்டு நகராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் பிரான்சில் பெண்களுக்கு 1944 வரை வாக்குரிமை இல்லாததால் அந்தத் தேர்வு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு போனால்தான் ரோஸ்மர் துறையின் வண்ண வீடுகளுக்குப் பொருள் விளங்கும்.

போர்ரூ துறையிலுள்ள படகு அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. தண்ணீரில் மிதக்கும் பழைய கலங்களிலேயே ஏறி, செங்குத்தான ஏணி வழியே இறங்கி, ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்குமளவே உள்ள படுக்கைகளைக் கிட்டத்தில் பார்க்கலாம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. அங்கிருந்து பிளொமார் சரிவுக்கு நடந்தால், உரோமானியர் காலத்தில் மீனை உப்பிட்டு ஊறவைத்துக் குழம்புச்சாறு இறக்கிய கல்தொட்டிகள் இன்றும் இருக்கின்றன. கருவாட்டு வாசனை அறிந்த எவரும் அங்கே சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வருவார்கள்.

சாப்பாட்டில்தான் எச்சரிக்கை தேவை. மதியம் இரண்டு மணிக்குப் பிறகு பெரும்பாலான உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். நாங்கள் பிந்திப் போன ஓரிடத்தில் குழந்தைகளுக்குக்கூட எதுவும் கிடைக்கவில்லை. சுட்ட மத்தி மீன் உப்பும் எலுமிச்சையும் மட்டும் சேர்ந்து வரும். மீன் புதிது என்பதால் காரமில்லாத குறை தெரியவில்லை. இவ்வூரிலேயே பிறந்த குயின் அமான் என்ற பலகாரத்தில் மாவைவிட வெண்ணெயும் சர்க்கரையுமே முந்துகின்றன. ஒரு துண்டை இருவர் பகிர்ந்தால் போதும்.

துவார்னெனேவுக்கு ரயில் கிடையாது. பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து கெம்பேர் வரை ரயிலிலும், பிறகு பேருந்திலும் செல்ல வேண்டும். தெருக்கள் மேடுபள்ளமானவை, முழங்கால் வலியுள்ள பெரியவர்களைத் துறைமுகப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஊருக்கு எடுத்துவர 1853இல் தொடங்கிய ஷான்செரெல் ஆலையின் மத்தி டப்பாக்களை வாங்கலாம். எண்ணெய் இருப்பதால் அவற்றைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடுங்கள்.