சொந்த ஆளா, வெளி ஆளா: ஈகிள்ஸின் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் தேர்வு

நிக் சிரியானி 2021-இல், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் ஆடும் ஃபிலடெல்பியா ஈகிள்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவருக்குக் கீழே, தாக்குதல் ஆட்டத்தை நடத்தும் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் நாற்காலிக்கு இப்போது ஐந்தாவது ஆள் வந்திருக்கிறார்: ஷான் மேனியன். முந்தைய நால்வரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பதற்கு நல்ல விடை கிடைக்கிறது.

முதலில் வேலையின் கனம். கான்சஸ் சிட்டியில் ஆண்டி ரீடும், ராம்ஸில் ஷான் மெக்வேயும் தலைமைப் பயிற்சியாளராக இருந்துகொண்டே ப்ளே காலிங்கையும் (அடுத்து எந்த ஆட்ட நகர்வு என்று சொல்வதையும்) தாங்களே வைத்திருப்பவர்கள். சிரியானி அப்படியில்லை. அதனால் ஈகிள்ஸில் தாக்குதல் ஆட்டம் முழுக்க கோஆர்டினேட்டரின் தலையில்தான். ஒரு ப்ளே முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடி. அதில் 15 விநாடி மீதமிருக்கும்போது களத்தில் ஆட்டத்தை நடத்திப் பாஸ் வீசும் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட் ரேடியோ, அதாவது பயிற்சியாளர் குரல் வரும் ரேடியோ, அணைந்துவிடும். எதிரணியின் தடுப்பைப் பார்த்து, முடிவெடுத்து, சொல்லி முடிக்க அவ்வளவுதான் நேரம். ஓர் ஆட்டத்தில் சுமார் அறுபது தடவை இதைச் செய்ய வேண்டும்.

சொந்த ஆளை உயர்த்துவதை ஈகிள்ஸ் இரண்டு முறை செய்தது. 2023-இல் குவாட்டர்பேக் பயிற்சியாளராக இருந்த பிரையன் ஜான்சன். அவரைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணம் இருந்தது: டெக்சஸில் பள்ளிக் காலத்தில் ஜான்சனுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஈகிள்ஸ் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸின் அப்பாவும் ஒருவர். ஹர்ட்ஸைச் சிறு வயதிலிருந்தே தெரிந்தவர். சீசனும் 10 வெற்றி, 1 தோல்வி என்று அமர்க்களமாகத் தொடங்கியது. அப்புறம் கடைசி ஆறில் ஐந்தில் தோல்வி. முந்தைய சீசனில் 6 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிடும் பாஸ்) மட்டும் கொடுத்த ஹர்ட்ஸ் அந்த ஆண்டு 15 கொடுத்தார். எதிரணிகள் பிளிட்ஸ் அனுப்பினால் (குவாட்டர்பேக் மேல் கூடுதல் ஆட்களைப் பாயவிட்டால்) ஈகிள்ஸிடம் பதில் இல்லை என்பது டிசம்பருக்குள் லீக் முழுக்கத் தெரிந்துபோனது. டாம்பா பே 32-9 என்று வெளியே அனுப்பிய பிளே ஆஃப் ஆட்டத்தில், மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் மூன்றாவதில்) எடுத்த ஒன்பது முயற்சியில் ஒன்றுகூடத் தேறவில்லை. பாஸ் பிடிப்பவர்களில் முக்கியமான ஏ.ஜே. பிரவுன் காயத்தால் ஆடவில்லை, சரி. ஆனால் அது மட்டும் காரணம் ஆகாது.

2025-இல் கெவின் பட்டுல்லோ. சிரியானியின் நீண்ட நாள் உதவியாளர், ஆட்டப் புத்தகம் மனப்பாடம். சாம்பியன் அணியைக் கையில் வாங்கினார். 11-6 மோசமான கணக்கில்லை. ஆனால் முந்தைய ஆண்டு பந்தை ஏந்தி 2,005 யார்டு ஓடிய சாக்வான் பார்க்லி 1,200-ஐக்கூட எட்டவில்லை. பிளே ஆஃபில் ஃபார்ட்டி நைனர்ஸிடம் 23-19 தோல்வி, பட்டுல்லோவுக்கும் ஒரே ஆண்டுதான்.

வெளியிலிருந்து வந்த இருவரின் கதை வேறு. ஷேன் ஸ்டைக்கன் வருவதற்கு முன்பே சார்ஜர்ஸில் ஜஸ்டின் ஹெர்பர்ட்டின் முதல் சீசனை நடத்தியவர். 2021-இல் ஈகிள்ஸ் 2-5 என்று தடுமாறியபோது, அதுவரை தானே ப்ளே சொல்லிக்கொண்டிருந்த சிரியானி அந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அணி 9-8 என்று முடித்தது. அடுத்த ஆண்டு 14-3, சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம். தலைமைப் பயிற்சியாளரே ப்ளே சொல்லட்டும் என்று இன்றும் கேட்பவர்களுக்கு அந்த 2-5 போதும்.

2024-இல் வந்த கெல்லன் மூர், டல்லாஸில் நான்கு சீசன், சார்ஜர்ஸில் ஒரு சீசன் என்று ஐந்து ஆண்டு இதே வேலையைப் பார்த்தவர். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது பிடிவாதமின்மை. டல்லாஸில் பாஸ் ஆட்டத்துக்குப் பெயர் எடுத்தவர், இங்கே 2-2 என்ற தொடக்கத்துக்குப் பிறகு பார்க்லியையும் அவருக்கு வழி திறக்கும் அந்த அற்புதமான லைனையும் நம்பி ஓட்டத்துக்கு மாறினார். அந்த சீசனில் லீக்கிலேயே குறைவாகப் பாஸ் வீசிய அணி ஈகிள்ஸ். ஹர்ட்ஸின் இன்டர்செப்ஷன் 5-ஆகக் குறைந்தது. மிச்சமிருந்த 13 ஆட்டத்தில் 12 வெற்றி, சூப்பர் பவுலில் கான்சஸ் சிட்டியை 40-22. பார்க்லி இல்லாமல் இது நடந்திருக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் பட்டுல்லோவிடமும் அதே பார்க்லிதானே இருந்தார்?

வெளி ஆளுக்கு விலையும் உண்டு. ஜெயித்தால் தங்க மாட்டார். ஸ்டைக்கன் கோல்ட்ஸுக்கும், மூர் செயின்ட்ஸுக்கும் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார்கள். ஹர்ட்ஸ் அடிக்கடி புது மொழி கற்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் அந்த விலை கொடுக்கத் தகுந்தது என்றே நினைக்கிறேன்.

என் பார்வையில் பிரிக்கும் கோடு சொந்தம், வெளி என்பதுகூட அல்ல. என்எஃப்எல் சீசன் ஆட்டங்களில் முன்பே ப்ளே சொன்ன இருவரும் சூப்பர் பவுலுக்குப் போனார்கள். முதல் முறையாகச் சொன்ன இருவரும் ஒரே ஆண்டில் போனார்கள். எதிரணி உங்கள் திட்டத்தைப் படித்துவிட்ட நவம்பரில் என்ன செய்வது என்பதை அந்த இடத்தில் நின்றுதான் கற்க முடியும். டெட்ராய்ட்டில் பென் ஜான்சன் 2022-இல் அனுபவமின்றி வந்து லீக்கையே கலக்கினார், மறுக்கவில்லை. அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம்.

அதனால்தான் மேனியன் தேர்வு எனக்குக் கவலை தருகிறது. முன்னாள் குவாட்டர்பேக், கிரீன் பே அணியில் இரண்டு ஆண்டு பயிற்சியாளர், அதில் ஓராண்டு குவாட்டர்பேக்குகளுக்கு. என்எஃப்எல் சீசனில் ப்ளே சொன்ன அனுபவம் கிடையாது. அதே வேளையில் ப்ளே சொல்லிப் பழகிய பிரையன் டேபாலும் மைக் மெக்டேனியலும் வேலை தேடும் நிலையில் இருந்தார்கள். பஃபலோவில் ஜாஷ் ஆலனை வளர்த்தவர் டேபால். 2017-இல் அலபாமாவில் ஹர்ட்ஸுக்கே கோஆர்டினேட்டராக இருந்தவரும்கூட. என் கையில் இருந்தால் அவரைத்தான் எடுத்திருப்பேன். அவர் டைட்டன்ஸுக்கும் மெக்டேனியல் சார்ஜர்ஸுக்கும் போய்விட்டார்கள்.

மேனியனுக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம்: ஜான்சன், பட்டுல்லோ போலப் பழைய புத்தகத்தைத் தொடர அவர் வரவில்லை. கிரீன் பே தலைமைப் பயிற்சியாளர் மாட் லஃப்ளோரிடம் கற்ற பாணியைக் கொண்டுவருகிறார்: பந்தை எடுத்துக் கொடுக்கும் சென்டருக்குப் பின்னாலேயே நின்று அதை வாங்குவது, மோஷன் (ப்ளே தொடங்குமுன் ஓர் ஆளை நகர்த்துவது), ஓடுவதுபோல் காட்டிப் பாஸ் வீசுவது. ஹர்ட்ஸ் பெரும்பாலும் ஷாட்கன்னில், அதாவது சென்டரிடமிருந்து தள்ளிப் பின்னால் நின்று ஆடிப் பழகியவர். அவரை எவ்வளவு தூரம் மாற்றுவது, எங்கே அவர் வழிக்கு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் மேனியனின் முதல் சீசன் நிற்கிறது. மூர் இதைப் பதினேழு ஆட்டங்களில் நான்கு முடிந்ததும் கண்டுபிடித்தார்.